விண்வெளிக்குப் போன எலும்பு மருத்துவர்

உயர்நிலை இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்தில் மாணவர்கள் அடுத்த ஆண்டுகளுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வாரங்களில் அறிவியல் ஆசிரியர்களைத் தேடிவரும் கேள்விகளில் ஒன்று இது: “விண்வெளிக்குப் போக வேண்டுமென்றால் எந்தப் பாடம் எடுக்கணும்?” கேட்கும் பிள்ளையின் மனத்தில் விமானியோ பொறியாளரோதான் இருப்பார். உயிரியல் பக்கம் போய்விட்டால் அந்தக் கதவு மூடிவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும்.

இதற்கு விடை தேடி அமெரிக்காவுக்கோ ரஷ்யாவுக்கோ போக வேண்டியதில்லை. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைத் தாண்டினால் போதும். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் விமானியும் அல்லர், பொறியாளரும் அல்லர். அவர் ஓர் எலும்பு மருத்துவர். பெயர் ஷேக் முஸாபர் ஷுக்கோர்.

மூவார், மணிப்பால், பைக்கனூர்

1972ல் கோலாலம்பூரில் பிறந்த ஷேக் முஸாபர், ஜோகூரின் மூவார் நகரில் உள்ள மாரா அறிவியல் உறைவிடப் பள்ளியில் படித்தார். பிறகு இந்தியாவுக்குச் சென்று, கர்நாடகத்தின் மணிப்பாலில் உள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்ப நினைத்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மணிப்பால் பழகிய பெயர்தான். நாடு திரும்பியதும் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். பின்னர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலும்பு அறுவை மருத்துவத் துறையில் சேர்ந்தார். இடையில் பகுதிநேர விளம்பர மாடலாகவும் இருந்திருக்கிறார்.

அவருக்கு விண்வெளி வாய்ப்பு வந்தது ஒரு போர் விமான ஒப்பந்தத்தின் வழியாக. 2003ல் மலேசியா சுமார் 90 கோடி அமெரிக்க டாலருக்கு 18 சுகோய் ரகப் போர் விமானங்களை ரஷ்யாவிடம் வாங்க முடிவுசெய்தது. அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து, மலேசியர் ஒருவருக்குப் பயிற்சி அளித்து அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அழைத்துச் செல்லவும் ரஷ்யா ஒப்புக்கொண்டது. இதுதான் ‘அங்காசாவான்’ திட்டம். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு விண்வெளி வீரர் என்று பொருள்.

11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். உடல் தகுதி, மருத்துவம், மனநலம் எனச் சோதனைகள் நடந்து, கடைசியில் நால்வர் மிஞ்சினர். ஒருவர் விமானி முகம்மது ஃபாயிஸ் கமாலுதீன். ஒருவர் பொறியாளர் வனஜா சிவ சுப்பிரமணியம் என்ற தமிழ்ப் பெண். மற்ற இருவர் ஷேக் முஸாபரும், ராணுவப் பல் மருத்துவர் ஃபாயிஸ் காலித்தும். 2006 செப்டம்பரில் இறுதி இருவரின் பெயர்கள் வெளிவந்தபோது விமானியும் பொறியாளரும் பட்டியலில் இல்லை. எலும்பு மருத்துவரும் பல் மருத்துவரும்தான் இருந்தார்கள்.

மாஸ்கோவுக்கு அருகே உள்ள விண்வெளி வீரர் பயிற்சி நகரில் இருவரும் ஏறத்தாழ ஓர் ஆண்டு பயின்றார்கள். ரஷ்ய மொழியும் சோயூஸ் விண்கலத்தின் அமைப்பும் படித்தார்கள். சுழலும் பொறியில் உட்கார்ந்து பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கிப் பழகினார்கள். 2007 அக்டோபர் 10ஆம் தேதி, நம் நேரப்படி இரவு 9.22 மணிக்கு, கசக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயூஸ் டிஎம்ஏ-11 கிளம்பியது. ஷேக் முஸாபருடன் ரஷ்யாவின் யூரி மாலன்சென்கோவும் அமெரிக்காவின் பெகி விட்சனும் இருந்தார்கள். விட்சன் ஓர் உயிர்வேதியியலாளர். விண்வெளி நிலையத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணும் அவரே.

மேலே ஈர்ப்பு இல்லையா?

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே எல்லாம் மிதக்கக் காரணம் என்ன என்று கேட்டால், “அங்கே ஈர்ப்பு விசை இல்லை” என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். அது தவறு. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதனுள் இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதுதான் காரணம். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போவதால், விழும் பாதை பூமியின் வளைவோடு ஒத்துப்போகிறது. அதனால் தரையை அடைவதே இல்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். துளை வழியே நீர் பாயும். இப்போது போத்தலைக் கையிலிருந்து நழுவவிடுங்கள். விழும் அந்த நொடியில் நீர் பாய்வது நின்றுவிடும். நீரும் போத்தலும் ஒரே வேகத்தில் விழுவதால் நீர் துளையை அழுத்துவதில்லை. புல்தரையில் நின்று, தோள் உயரத்திலிருந்து செய்யுங்கள். வீவக மாடியிலிருந்து போடுவது குற்றம்!

இந்த வேகத்தில் நிலையம் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும். 24 மணி நேரத்தில் 16 முறை சூரியன் உதிக்கும். ஷேக் முஸாபர் மேலே போனது ரமலான் மாதத்தின் கடைசி நாள்களில். ஐந்து வேளைத் தொழுகையை எந்தச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது? மலேசியாவின் சமய அறிஞர்கள் கூடி, அதற்கென்றே ஒரு வழிகாட்டிக் கையேட்டைத் தயாரித்தார்கள். நேரத்துக்கு, விண்கலம் கிளம்பிய இடத்தைப் பின்பற்றலாம் என்றார்கள். அறிவியல் ஒரு புது இடத்துக்குப் போனால் மற்ற துறைகளும் பின்னாலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எலும்பு மருத்துவருக்கு அங்கே என்ன வேலை?

எலும்பை நாம் சுவர்போல நினைக்கிறோம். ஆனால் அது நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் வீடு. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொரு வகை புதிய எலும்பைக் கட்டும். எங்கே எவ்வளவு கட்டுவது என்பதை எலும்பின்மேல் விழும் சுமைதான் சொல்கிறது. நீங்கள் தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, ‘இங்கே பலம் வேண்டும்’ என்ற செய்தி இடுப்புக்கும் தொடைக்கும் போகிறது.

மிதக்கும் உடலில் அந்தச் செய்தி நின்றுவிடும். கரைக்கும் வேலை தொடரும், கட்டும் வேலை பின்தங்கும். உடற்பயிற்சியால் தடுக்காவிட்டால் இடுப்பு, தொடை போன்ற சுமைதாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓராண்டில் ஏற்படக்கூடிய இழப்பு, மேலே ஒரே மாதத்தில் ஏற்பட்டுவிடும். கரைந்த கால்சியம் சிறுநீரில் சேர்வதால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் நீண்ட நாள் தங்குவோர் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

உடலின் மற்ற பகுதிகளும் குழம்பும். கால்களில் இருக்க வேண்டிய நீர்மம் மேலேறி முகம் உப்பும், கால் மெலியும். முதுகெலும்பு நீண்டு உயரம் சில சென்டிமீட்டர் கூடும். பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் சில நாள்கள் குமட்டல் இருக்கும்.

நிலையத்தில் மருத்துவர் எப்போதும் இருப்பதில்லை. ஒருமுறை, ஆறு மாதப் பயணத்தில் இரண்டு மாதம் கடந்த நிலையில், ஒருவரின் கழுத்து இரத்தநாளத்தில் இரத்தக்கட்டி இருப்பது தெரியவந்தது. ஒலியலைக் கருவியைத் தம் கழுத்தில் அவரே வைத்துப் பிடிக்க, பூமியில் இருந்த மருத்துவர்கள் படத்தைப் பார்த்து வழிகாட்டினார்கள். இருந்த மருந்தை அளந்து பயன்படுத்தி, சரக்குக் கலம் வரும்வரை சமாளித்தார்கள். 2020ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான உண்மைச் சம்பவம் இது.

மருத்துவர்கள் விண்ணுக்குப் போவது புதிதும் அல்ல. 1964லேயே ரஷ்ய மருத்துவர் போரிஸ் யெகோரோவ் வோஸ்கோட் கலத்தில் பறந்தார். இன்னொரு மருத்துவரான வலேரி போல்யாகோவ் 1994, 1995ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து 437 நாள்கள் மிர் நிலையத்தில் இருந்தார். ஒரே பயணத்தில் அத்தனை நாள் வேறு எவரும் இருந்ததில்லை. செவ்வாய்க்குப் போகும் அளவு நீண்ட பயணத்தை மனித உடல் தாங்குமா என்று அறிய, அவர் தம் உடலையே சோதனைக்கூடமாக்கினார்.

பயணியா, வீரரா?

நிலையத்தில் இருந்த நாள்களில் ஷேக் முஸாபர் மலேசிய ஆய்வாளர்கள் தயாரித்த சோதனைகளைச் செய்தார். கல்லீரல் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய் உயிரணுக்கள் எடையற்ற நிலையில் எப்படி வளர்கின்றன என்பது ஒன்று. புரதங்களைப் படிகமாக்குவது இன்னொன்று. தரையில் கரைசலுக்குள் கனமானது அடியில் தங்கும், இலேசானது மேலே எழும். அந்த ஓட்டம் படிகத்தின் ஒழுங்கைக் கெடுக்கும். மேலே அந்தத் தொல்லை குறைவு. ஒழுங்கான படிகம் கிடைத்தால் புரதத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும். மருந்து வடிவமைப்போருக்கு அந்த வடிவம்தான் வேண்டும்.

அக்டோபர் 21ஆம் தேதி அவர் வேறொரு சோயூஸில் திரும்பினார். கலம் வழக்கமான பாதையிலிருந்து விலகிச் செங்குத்தாக இறங்கியது. உடல் எடை சுமார் எட்டு மடங்காக அழுத்த, குறித்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் அப்பால் தரையிறங்கினார்கள். உடன் வந்த இரு ரஷ்யர்களில் ஒருவரான ஓலெக் கோத்தோவும் மருத்துவர்தான்.

அவரை எப்படி அழைப்பது என்ற சர்ச்சை அப்போதே இருந்தது. நாசா அவரை ‘விண்பயணப் பங்கேற்பாளர்’ என்றே குறிப்பிட்டது. அவர் கலத்தை ஓட்டவில்லை, 11 நாள்களுக்குள் திரும்பிவிட்டார், மக்கள் வரிப்பணத்துக்கு இது தேவையா என்று மலேசியாவிலேயே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவருக்குப் பிறகு மலேசியா யாரையும் அனுப்பவில்லை. முழுப் பயிற்சி பெற்ற ஃபாயிஸ் காலித்துக்குப் பறக்கும் வாய்ப்பே வரவில்லை. ஆனால் பயிற்சியும் சோதனைகளும் உண்மையானவை. திரும்பிய பிறகு ஷேக் முஸாபர் பல ஆண்டுகள் பள்ளிகளிலும் மேடைகளிலும் பேசினார், நூல்கள் எழுதினார். விண்வெளி அவருக்கு 11 நாள். மருத்துவப் படிப்பு அதற்கு முன்னும் பின்னும் இருந்தது.

இன்னொரு மருத்துவர்

இன்னும் நீண்ட வழியில் போனவர் அனில் மேனன். தந்தை கேரளத்தவர், தாய் உக்ரேனியர், பிறந்தது அமெரிக்காவில். நரம்பியல் படித்து, இந்தியாவில் ஓராண்டு போலியோ தடுப்பூசிப் பணியைக் கற்று, பிறகு இயந்திரப் பொறியியலும் மருத்துவமும் படித்தார். எவரெஸ்ட் ஏறுவோருக்குச் சிகிச்சை அளித்தார். 2010ல் ஹைட்டி, 2015ல் நேப்பாளம் என நிலநடுக்க இடங்களுக்கு உதவப் போனார். நாசாவில் விண்வெளி வீரர்களின் மருத்துவராகவும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் விண்பயண மருத்துவராகவும் இருந்தார். 2021ல், 12,000க்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்களிலிருந்து நாசா தேர்ந்தெடுத்த 10 பேரில் ஒருவரானார். அவர் தேர்வான பிறகு வந்த வேடிக்கை: அவருக்கு முன்பே, 2024 செப்டம்பரில், மனைவி அன்னா மேனன் தனியார் பயணம் ஒன்றில் விண்வெளிக்குப் போய்வந்துவிட்டார்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நாசாவின் தகுதிப் பட்டியலில் பொறியியல், இயற்பியல், கணிதத்தோடு உயிரியலுக்கும் மருத்துவப் பட்டத்துக்கும் இடம் உண்டு. பாடத் தேர்வு எந்தக் கதவையும் மூடுவதில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு உண்மையான தடை வேறு: நாசாவில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஷேக் முஸாபருக்கு அந்தத் தடையைத் தாண்டிக் கொடுத்தது இரு அரசுகளின் ஒப்பந்தம். அது எப்போது, யாருக்கு வரும் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

அப்படியொரு வாய்ப்பு வந்தபோது அவர் கையில் இருந்தது பல ஆண்டுகள் பழகிய ஒரு தொழில். ஆகவே, பிடித்த பாடத்தை எடுத்து ஆழமாகப் படியுங்கள். விண்வெளிக்கு அழைப்பு வராவிட்டாலும், படியேறச் சிரமப்படும் உங்கள் பாட்டியின் எலும்பு ஏன் தேய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அதே உயிரியல்தான் உதவும்.