அப்பளம் ஏன் நெளிகிறது?

லண்டன் தோர்ண்டன் ஹீத்தின் தமிழ்க் கடையில் வாங்கினாலும் சரி, மதுரையில் வாங்கினாலும் சரி, எண்ணெயில் விழுந்த அப்பளம் தட்டையாக இருப்பதில்லை. ஏன்?

தட்டையான வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப்போல் சுமார் 6.28 மடங்கு. சூட்டில் அப்பளத்தின் ஓரம் மட்டும் கூடுதலாக விரிந்தால் சுற்றளவு இந்தக் கணக்கை மீறும். மிச்ச நீளத்துக்குத் தளத்தில் இடமில்லை, அலையாக நெளியும். நடுப்பகுதி கூடுதலாக விரிந்தால் கிண்ணமாகும். பரப்பின் அளவுகளுக்கும் வளைவுக்கும் உள்ள இந்த உறவைக் கணிதவியலாளர் காவுஸ் 1827-இல் நிறுவினார்.

இழுபட்டு, அழுந்தி, தட்டையாகவே இருந்துவிடலாமே? தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் நீட்டத் தேவையான ஆற்றல் பாதியாகும். வளைக்கத் தேவையானதோ எட்டில் ஒன்றாகிவிடும். மெல்லிய பொருளுக்கு வளைவதே மலிவு.

சென்னை ஐஐடியில் படித்த ஹார்வர்டு பேராசிரியர் எல். மகாதேவனும் அதே பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினரும் 2016-இல் இந்தச் சீரற்ற விரிவை வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். நீர் உறிஞ்சும் கூழ்மத்தில் செல்லுலோஸ் நுண்ணிழைகளைக் கலந்து தட்டையான பூவை அச்சிட்டார்கள். தண்ணீரில் அது இழையின் போக்கில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் உப்ப, இதழ்கள் தாமே சுருண்டன.

இழைகளை வைத்தபின் என்ன உருவம் வரும் என்பது நேர்க்கணக்கு. வேண்டிய உருவத்துக்கு இழைகளை எந்தத் திசையில் வைப்பது? அந்தத் தலைகீழ்க் கணக்குதான் உண்மையில் கடினம்.