புள்ளி போடுபவரா, தடுப்பவரா?

ஜூன் மாதத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் சிலருக்குப் பொழுது சீக்கிரமே விடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்று இரவில் நடக்கும்போது இங்கே காலை ஆறு, ஆறரை மணி. முதல் பாதியை வீட்டில் பார்த்துவிட்டு, மீதியை ஓசூர் சாலை நெரிசலில் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்த்து முடித்துவிடலாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும்: ஜெயித்தது யாரால்? அதிகப் புள்ளி போட்டவராலா, எதிரணியின் நட்சத்திரத்தை அடக்கி வைத்தவராலா?

கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் உருவாக்கிய இந்தத் தொழில் நகரம் எதையும் எண்ணிப் பார்த்தே பழகியது. ஆனால் கூடைப்பந்தில் எண்ண முடிந்தது ஒரு பாதிதான். கூடைக்குள் விழுந்த பந்துக்குக் கணக்கு உண்டு. விழாமல் போன பந்துக்கு? என்.பி.ஏ.வில் பந்தைத் தட்டிவிடுவதையும் பறிப்பதையும் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். தடுப்பாட்டத்தின் மன்னரான பில் ரஸ்ஸல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். 13 சீசன்களில் 11 சாம்பியன் பட்டம் வென்றவர் எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. 1962-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லின் வென்ற பட்டங்கள் இரண்டு.

வேடிக்கை என்னவென்றால், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1969-ல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது ரஸ்ஸலின் அணிதான் கோப்பையை வென்றது. விருது போனதோ தோற்ற அணியில் புள்ளிகளைக் குவித்த ஜெர்ரி வெஸ்டுக்கு. அந்த விருதை ஒருமுறைகூட வாங்காத ரஸ்ஸலின் பெயரையே 2009-ல் அதற்குச் சூட்டினார்கள்.

லீக் சுற்றில் ஒரு அணிக்கு 82 ஆட்டங்கள். இன்று ஒரு எதிரி, நாளை வேறொருவர். குறைகளை மறைத்துக் காலம் தள்ளலாம். பிளே-ஆஃப் அப்படியல்ல. ஒரே அணியுடன் ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும். யாருக்குத் தடுக்கத் தெரியாது, யாருக்கு எறியத் தெரியாது என்பது இரண்டாவது ஆட்டத்துக்குள் வெட்டவெளிச்சமாகிவிடும்.

2015-ஆம் ஆண்டு பிளே-ஆஃப் இதற்கு நல்ல பாடம். இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.8 புள்ளி எடுத்தார். அவரது அணி 2-1 என்று முன்னிலை பெற்றிருந்தபோது, கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் உயரமான சென்டர் ஆட்டக்காரரை உட்கார வைத்துவிட்டு ஆந்த்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த லீக் சுற்று முழுக்க மாற்று ஆட்டக்காரராகவே வந்தவர் அவர். அடுத்த மூன்று ஆட்டங்களும் கோல்டன் ஸ்டேட்டுக்கே. ஜேம்ஸ் புள்ளி எடுத்தது உண்மை. ஆனால் அவர் எறிந்த பந்துகளில் கூடைக்குள் போனது 40 சதவீதம்கூட இல்லை. விருதுக்கான 11 ஓட்டுகளில் இகுவடாலாவுக்கு ஏழு, ஜேம்ஸுக்கு நான்கு. சராசரி 26 புள்ளி எடுத்த ஸ்டீபன் கரிக்கு ஒரு ஓட்டும் இல்லை.

தடுப்புக் கட்சிக்காரர்கள் இந்தக் கதையை இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். அது நியாயமில்லை. அதே ஆண்டு, இரண்டு சுற்றுகளுக்கு முன்பு, இதே கோல்டன் ஸ்டேட்டை மெம்ஃபிஸ் 2-1 என்று திணறடித்துக்கொண்டிருந்தது. மெம்ஃபிஸின் டோனி ஆலன் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பு ஐவரில் ஒருவர். நான்காவது ஆட்டத்தில் கெர், ஆலனைக் காவல் காக்கும் வேலையைச் சென்டர் ஆண்ட்ரூ போகட்டிடம் கொடுத்தார். உண்மையில் அது காவலே அல்ல. போகட் கூடையடியில் நின்றுகொண்டு, 'எறிந்து பார்' என்று ஆலனை விட்டுவிட்டார். ஆலன் எறிந்தார், பெரும்பாலும் விழவில்லை. மெம்ஃபிஸின் தாக்குதலே முடங்கியது, தொடர் 4-2 என்று கைநழுவியது. இகுவடாலாவையும் கிளீவ்லாந்து இப்படித்தான் தாராளமாக விட்டுப் பார்த்தது. அவர் கடைசி ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்தார். தடுப்பவருக்கு நட்சத்திரம் அளவுக்கு எறியத் தெரிய வேண்டியதில்லை. தன்னைக் கவனிக்காமல் விட்டால் தண்டிக்கும் அளவுக்காவது தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தவர்களில் முன்னோடி ஓர் இந்திய வம்சாவளியினர். 1990-களில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் இந்தர்பால் பண்டாரி என்.பி.ஏ. அணிகளுக்காக 'அட்வான்ஸ்டு ஸ்கவுட்' என்ற சாஃப்ட்வேரை உருவாக்கினார். 1997-ல் மயாமியிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற ஆர்லாண்டோ அதைப் பயன்படுத்தியது. பெரிய பெயர்களான ஹார்டவே-ஷா ஜோடி களத்தில் இருந்தபோது அணி 17 புள்ளி பின்தங்கியது. ஷாவுக்குப் பதில் அதிகம் பேசப்படாத டாரல் ஆம்ஸ்ட்ராங் ஆடியபோது 14 புள்ளி முன்னே நின்றது. ஆம்ஸ்ட்ராங்குக்கு அதிக நேரம் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் ஆர்லாண்டோவுக்கு. ஐந்தாவதில் மயாமி ஜெயித்துத் தொடரைக் கைப்பற்றியது வேறு விஷயம். இந்தக் கூட்டல் கழித்தலிலும் ஒரு ஓட்டை உண்டு. களத்தில் இருப்பது ஐந்து பேர். லாபத்தை யார் கணக்கில் எழுதுவது?

இந்தியாவில் இந்தச் சண்டை இன்னும் சூடாக நடக்க வேண்டும். 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி சீனாவை முதன்முறையாக வீழ்த்தியது. ஸ்கோர் 65-58. வெறும் 65 புள்ளியை வைத்துக்கொண்டு ஆசியாவின் ஜாம்பவானை அதன் சொந்த மண்ணிலேயே ஜெயிக்க முடிந்ததென்றால், பாராட்டு அந்த 58-க்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால் நம் பத்திரிகைச் செய்திகளில் ஸ்கோருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இடம்பிடிப்பது அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயர்தான். ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும் சிற்றூர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த அடைப்புக்குறி சாதாரண விஷயமல்ல.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், கண்டீரவா உள்ளரங்கில், 2017 ஜூலையில் பெண்கள் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா 75, கஜகஸ்தான் 73. ஒரு கூடை வித்தியாசம். இந்தியாவின் 75 புள்ளிகளில் ஒவ்வொன்றும் யாருடையது என்று அன்றைய ஸ்கோர் ஷீட் சொல்லும். கஜகஸ்தானின் 74-வது, 75-வது புள்ளிகளை விழவிடாமல் செய்தது யார் என்று எழுத அதில் கட்டமே கிடையாது.