ஊருக்கு இரு தலைவர்கள்

ஒடுகத்தூரை ஒட்டி நிற்கும் சவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலம்பட்டு என மூன்று மலை ஊராட்சிகள் உண்டு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஊர்க்கவுண்டர், நாட்டார் எனும் மரபுத் தலைவர்கள் தந்தைக்குப் பின் மைந்தராய் வழிவழி வருகின்றனர். வாக்குச் சீட்டால் வந்த ஊராட்சித் தலைவரும் அதே ஊரில் இருக்கிறார். கீழ்நாட்டிலும் நாட்டாண்மைக்காரர் மறைந்துவிடவில்லை. இவ்விருவருள் ஊரின் பெயரால் பேசும் உரிமை எவருக்கு?

நாட்டாண்மையை ஒரேயடியாகப் பழிப்போர் அதன் பயனை அறியார். வரப்புத் தகராறோ கணவன் மனைவி பிணக்கோ எழுந்தால், இரு வீட்டாரையும் மூன்று தலைமுறையாய் அறிந்த ஒருவர் மாலைக்குள் பேசி முடித்து வைப்பார். வேலூர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து கூலியை இழப்பதைவிட ஏழைக்கு இது எளிது. திருவிழா நாள் குறிக்கவும் ஏரிக்கால்வாய் தூர்வார ஆள் திரட்டவும் அவர் சொல் இன்றும் வேண்டியிருக்கிறது.

நிற்க. இந்த அதிகாரம் முழுவதும் மண்ணிலிருந்தே முளைத்தது என்பது சரியன்று. 1816ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குவிதிகளால் ஆங்கிலேயர் கிராமத் தலைவரை முன்சீபாக்கி, பத்து ரூபாய் வரையுள்ள வழக்குகளைத் தீர்க்கும் உரிமையும், சிறு குற்றம் புரிந்தோரைச் சாவடியில் அடைக்கும் உரிமையும் அளித்தனர். தாழ்ந்த சாதியார் எனப்பட்டோரைச் சாவடியில் அடைப்பதற்கு மாறாக ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் பூட்டலாம் என்றும் அவ்விதி கூறிற்று. ஊர் வழக்கத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு அன்றே சர்க்கார் முத்திரை பெற்றுவிட்டது! கிராமப் பதவிகள் பரம்பரையாய் இறங்குவதை 1895ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. பிறப்பால் மட்டும் ஒருவர்க்கு அரசுப் பதவி தருதல் அரசியலமைப்புக்கு முரண் என 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. அதனை 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஆயினும் சட்டப் புத்தகத்தில் ஒருபோதும் எழுதப்படாத நாட்டாண்மையை எந்தச் சட்டத்தாலும் ஒழிக்க இயலவில்லை.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கிழக்கு நைஜீரியாவில் அரசர் என எவருமில்லாத ஊர்களுக்கும் ஆங்கிலேயர் எழுத்தாணை கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினர். 1929இல் அத்தலைவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் பெண்களே. துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் பலர் மாண்டனர். கானா நாடோ 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பில் நல்லதொரு வழி கண்டது: மரபுத் தலைவர்க்குரிய மதிப்பைக் காத்தது, அவர் கட்சி அரசியலில் இறங்கலாகாது என்றது, பாராளுமன்றத்துக்குப் போட்டியிட விரும்பினால் தம் ஆசனத்தைத் துறக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டில் இத்தகைய எல்லைக்கோடு எவராலும் வரையப்படவில்லை.

கோடில்லாமையால் விளைந்ததை நாம் கண்டோம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடைபெறவில்லை, 2006இல்தான் நடந்தது. மேலவளவில் தேர்தலில் வென்ற முருகேசன் 1997 ஜூனில் கொலையுண்டார். நம் அண்டையிலும் இது நிகழாமலில்லை. ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சியில் 2021இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டபோது, பழங்குடியினர் மிகுந்த ஊரில் இது தகாது என ஊரார் எதிர்த்தனர். மனுச் செய்த ஒரே பெண் போட்டியின்றி வென்றும், பதவியேற்க முடியாமல் வழக்கில் சிக்கினார். மலைமக்களின் குறையில் நியாயமே இல்லை என நாம் சொல்லவில்லை. பட்டியல் பகுதி எனும் பாதுகாப்புத் தமிழ்நாட்டின் எந்த மலைக்கும் இல்லையாதலால் 1996ஆம் ஆண்டுப் பழங்குடி ஊராட்சிச் சட்டம் இங்கு செல்லாது. ஆனால் அக்குறையை அரசிடம் முறையிட வேண்டுமேயன்றி, ஒரு பெண்ணின் மேல் சுமத்தலாமா?

நம் பங்குகளிலும் நாட்டாண்மை உண்டு. தேர்த்திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எழும் சச்சரவைத் தீர்ப்பது எமக்குப் பழகிய வேலை. பங்குப் பேரவை வந்த பின்னரும் சில ஊர்களில் பேரவை முடிவு செய்வதற்கு முன்னரே முடிவு திண்ணையில் ஆகிவிடுகிறது.

பெரியவர் சமரசம் செய்யட்டும், விழா நடத்தட்டும். தண்டம் விதித்தல், ஊர்விலக்குச் செய்தல், வேட்பாளரை ஏலத்தில் தேர்தல் ஆகியவை அவர் வேலையல்ல என்பது எம் கருத்து. 2011இல் கட்டப் பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றமும் கண்டித்துள்ளது.

ஊர்க் கூட்டம் கூட்டுவோர் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறிச் செல்வோருள் பெரும்பாலோர் பெண்கள். ஊர்த் திருவிழாவுக்கான தலைக்கட்டு வரி பல வீடுகளில் அவர்கள் கூலியிலிருந்தே செல்கிறது. தலைக்கட்டுப் பட்டியலில் இருப்பதோ கணவன் பெயர். கூட்டத்தில் அமர்பவரும் அவரே.