தங்கவயல் பிள்ளைகளும் கணிப்பொறியும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணிப்பொறி சொல்லித் தருகிறோம் என்றால், உண்மையில் எதைச் சொல்லித் தருகிறோம்? நம் சங்கத்துப் பெற்றோர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "டைப்பிங் வருது சார், பெயிண்ட்டுல வீடு, மரம் எல்லாம் போடுறா" என்றார் ஒருவர். "போன்ல நமக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியுது" என்றார் இன்னொருவர். இரண்டும் கெட்டதல்ல. ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கத் தெரிந்த பிள்ளையை வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

இதை நான் அக்கறையோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது முதல், விடியலில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு திரும்புகிற வாழ்க்கை நம் வீடுகளில் பாதிக்கு மேல் வழக்கமாகிவிட்டது. அந்தச் சம்பளத்திலிருந்துதான் 'கம்ப்யூட்டர் ஃபீஸ்' கட்டுகிறார்கள். என் தங்கை மகள் படித்த ஒரு பள்ளியில் வருடம் முழுக்கப் பணம் வாங்கினார்கள். கணிப்பொறி அறை திறந்தது நாலே நாள். மீதி நாளெல்லாம் 'மானிட்டர் என்றால் என்ன?' என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள்.

கருவி வந்தால் போதும், கல்வி தானாக வரும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் இருந்ததல்ல. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கணிப்பொறிவழிக் கற்றல் மையங்களை அமைத்தது. பாடங்களைக் குறுந்தகடுகளாகவும் தயாரித்தது. 2010ல் அந்த நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த அனுராக் பெஹர், ஆசிரியரின் இடத்தைக் கணிப்பொறி நிரப்பாது என்று பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுதினார். கணிப்பொறித் தொழிலில் சம்பாதித்தவர்கள் தொடங்கிய அறக்கட்டளை அப்படிச் சொன்னதை நாம் மதிக்க வேண்டும்.

அப்படியானால் கணிப்பொறியே இல்லாமல் கணிப்பொறி சொல்லித்தர முடியுமா? முடியும். நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் 1990களில் இதற்கென்றே விளையாட்டுகளை உருவாக்கினார்கள். அதில் ஒன்றை நம் ஊருக்கும் மொழிக்கும் ஏற்றபடி மாற்றி, சனிக்கிழமை மாலைகளில் சங்கக் கூடத்தில் நடத்துகிறேன். செலவு, பழைய காலண்டர் அட்டை ஐந்து.

ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அட்டைகளில் இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்று எழுதியிருக்கும். அட்டையைக் காட்டினால் அந்த எண் உண்டு, திருப்பினால் இல்லை. 8, 4, 2 மூன்றையும் காட்டினால் 14. இப்படி 1 முதல் 31 வரை எந்த எண்ணையும் ஐந்தே அட்டையில் சொல்லிவிடலாம். கணிப்பொறிக்குள் எழுத்து, படம், பாட்டு எல்லாமே இந்த 'உண்டு, இல்லை' என்ற இரண்டால்தான் ஆகியிருக்கின்றன. நம் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1980ல் தொடங்கிய புரோட்டான் சிதைவு ஆய்வில் அடுக்கடுக்காகக் குழாய்களை வைத்திருந்தார்களே, அங்கேயும் எந்தக் குழாயில் துடிப்பு வந்தது, எதில் வரவில்லை என்பதை வைத்துத்தான் துகள் போன வழியைக் கண்டார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18. கூட்டினால் 31! அளந்து வைத்த மாதிரி ஐந்து அட்டைக்குள் அடங்குகிறது. அ 1, ஆ 2 என்று தொடங்கி, ஃ 13, க் 14, கடைசியில் ன் 31. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழே படிக்காத பிள்ளைகள் 'மா' என்பது 'ம்' கூட 'ஆ' என்று கண்டுபிடிப்பது இந்த இடத்தில்தான். இலக்கணம் என்று சொல்லியிருந்தால் ஓடிப் போயிருப்பார்கள்.

ஒரு நாள் 'மாடு' என்று அனுப்பச் சொன்னேன். ம் என்பது 23, அதாவது 16, 4, 2, 1. கடைசிப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு தன் அட்டையைத் திருப்பாமல் விட்டுவிட்டான். எதிர்ப்பக்கம் போனது 22. அது ப். அங்கே இருந்த சிறுமி 'பாடு' என்று படித்து உடனே பாட ஆரம்பித்துவிட்டாள்!

அன்று வகுப்பைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை. ஷாஃப்டில் மணியடித்து வேலை பார்த்தவர். "கேஜை இழுக்கிற எஞ்சின்காரன் ஆளைப் பாக்க மாட்டான்பா. எத்தனை மணின்னு மட்டும்தான் எண்ணுவான். ஒரு மணி தப்பினா உசுரு" என்றார். சேதி என்றால் என்ன, முன்கூட்டியே பேசி வைத்த குறியீடு ஏன் வேண்டும் என்பதை என்னைவிட நன்றாக அவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் "அப்புறம் தாத்தா, அப்புறம்?" என்று சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆறாவதாக ஒரு காவல் அட்டை. காட்டுகிற அட்டைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி அதைக் காட்டவோ திருப்பவோ வேண்டும். 23க்கு நாலு அட்டை, ஆகவே காவல் அட்டை திரும்பியிருக்கும். வழியில் ஒன்று தவறினால் மூன்றாகிவிடும். ஒற்றைப்படை, தப்பு என்று தெரிந்துவிடும். "ரெண்டு பேர் சேர்ந்து தப்பு பண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள். மாட்டாது, உண்மைதான். அதனால்தான் இன்னும் கெட்டியான முறைகளை வைத்திருக்கிறார்கள். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமே அப்படி ஒரு காவல் இலக்கம்தான்.

கணிப்பொறியைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகு. முதலில் அடிப்பது 'தங்கம்'. கண்ணுக்கு நாலு எழுத்து. 1999ல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் த, ங, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டு. ங அடுத்து க வந்தால் ங்-கின் புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். யூனிகோடு முறைப்படி உள்ளே பதிவாவதோ ஆறு எண், ஏனென்றால் இரண்டு புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பழகிய அண்ணன்மார்கள்கூட இதைப் பார்க்க வந்து நிற்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல் மொழியைக் கொஞ்சம் காட்டுகிறேன். அதில் பதிப்பி என்றால் திரையில் எழுது. நிபந்தனையை முன்னால் வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னால் போட வேண்டும். 'மழை வந்தால்' என்று நாம் பேசுகிற வரிசையே அது. பெரிய வேலைக்கு ஆங்கில வழி மொழிகள்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. யோசிக்கிற முதல் படி மட்டும் சொந்த மொழியில் இருந்தால் கால் இடறுவதில்லை.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா சமையலில் இருக்கும்போது வருகிற அழைப்பை எடுப்பது பிள்ளைதான். ஓடிபியைப் படித்துச் சொல்வதும் பிள்ளைதான். இதற்கும் அந்தப் பெரியவரையே பேசச் சொன்னேன். கீழே இறங்குபவர் தன் டோக்கனை அடுத்தவரிடம் கொடுக்க மாட்டார். கொடுத்தால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கே போய்விடும். ஓடிபியும் ஒரு டோக்கன்தான் என்றதும் புரிந்துகொண்டார்கள்.

போன மாதம் ஒரு பையன் தன் கன்னட நண்பனைக் கூட்டி வந்தான். "கன்னடத்துல அனுப்பலாமா சார்?" என்றான். கன்னட எழுத்து 49. ஐந்து அட்டை பத்தாது, 32 மதிப்பில் இன்னொன்று வேண்டும். ஆறாவது அட்டை ஏற்கெனவே காவலுக்குப் போய்விட்டதே என்று இருவரும் சண்டை போட்டார்கள். பிறகு கூடத்தின் சுவரில் தொங்கிய இந்த வருடக் காலண்டரைக் கழற்றி, என்னைக் கேட்காமலே ஏழாவது அட்டையை வெட்டிக்கொண்டார்கள்.