“எல்லாரும் ‘கேஸ் போயிடுச்சு’ம்பாங்க... காரணம் வேற தம்பி!” - சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸரோடு ஓர் இரவு

மணி இரவு 10.20. சென்னையின் புறநகரில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வெளியே மே மாதப் புழுக்கம். உள்ளே கடைசிப் பில்லைப் போட்டு முடித்த பெண் ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்பிக் கொண்டிருக்கிறார்கள். மேனேஜர் மட்டும் ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரீஸரின் முன்னால் கையைப் பிசைந்தபடி நிற்கிறார். ஐஸ்க்ரீம், பச்சைப்பட்டாணி, ரெடிமேட் பரோட்டா, சிக்கன் நக்கெட்ஸ் எல்லாம் அடுக்கியிருக்கும் ஃப்ரீஸர் அது. மைனஸ் 18 டிகிரி காட்ட வேண்டிய டிஸ்ப்ளே, மைனஸ் 4 காட்டுகிறது.

“அண்ணா, கேஸ் போயிடுச்சு போலிருக்கு. கேஸ் மட்டும் ஏத்திக் கொடுத்துடுங்க. காலையில கடை திறக்கணும்” என்கிறார் மேனேஜர்.

தோளில் இருந்த கனமான பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிறார் டெக்னீஷியன். 20 வருடங்களுக்கு மேலாக இதே வேலையில் இருப்பவர். “பேரெல்லாம் போடாதீங்க தம்பி, வேலையைப் பத்தி மட்டும் எழுதுங்க” என்ற நிபந்தனையோடுதான் என்னைக் கூட்டி வந்தார்.

“நான் போற பத்து கடையில எட்டு கடையில இதைத்தான் சொல்வாங்க. கேஸ் என்ன, பெட்ரோலா? ஓட ஓட தீர்ந்து போறதுக்கு? அது குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கிற பொருள். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கைப் பார்க்காம கேஸ் ஏத்துறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி.”

கண், காது, கை

பையைத் திறந்ததும் கேஜை எடுத்து மாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மாட்டவில்லை. முதலில் கதவைத் திறந்து, குளிர்காற்று வரும் இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தார். அது லேசாகத்தான் ஆடியது. அடுத்து காதை வைத்து ஃபேன் சத்தம் கேட்டார். கதவோரத்து ரப்பரில் விரலை ஓட்டினார். பிறகு என்னையும் அழைத்துக் கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

வீட்டு ஃப்ரிட்ஜில் பின்பக்கமாகவோ அடியிலோ இருக்கும் கம்ப்ரஸர், இந்தக் கடையில் மாடியில் இருக்கிறது. பக்கத்தில் போனாலே அனல் அடிக்கிறது.

“குளிரை யாரும் உண்டாக்க முடியாது தம்பி. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுறோம், அவ்வளவுதான். கீழே ஃப்ரீஸர்ல இருந்த சூடுதான் இங்கே உங்க முகத்துல அடிக்குது” என்றவர், பாடம் நடத்தும் வாத்தியாரைப் போல விளக்கினார்.

கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும். அது ஆவியாகும்போது நம் தோலின் சூட்டை எடுத்துக் கொண்டு போவதுதான் காரணம். ஃப்ரீஸரிலும் இதே கதைதான். இந்தக் கடையில் இருப்பது ஆர்-404ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 46 டிகிரியிலேயே கொதித்துவிடக் கூடியது. ஃப்ரீஸருக்குள் இருக்கும் காயிலில் அது திரவ நிலையில் நுழைந்து, ஆவியாகி, சூட்டை உறிஞ்சிக் கொள்ளும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி மாடியில் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகிக் கீழே போகும். 24 மணி நேரமும் இந்தச் சுற்றுதான்.

கண்டென்சரின் தகடுகளுக்கு இடையில் தூசியும் புறா இறகும் அடைந்திருந்தன. “இதுவும் ஒரு நோய்தான். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தூசி அடைச்சா சூடு வெளியே போகாது. பிரஷர் ஏறி, கம்ப்ரஸர் டிரிப் ஆகும். சித்திரை, வைகாசியில எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். ஆனா இன்னிக்குப் பிரச்னை இது இல்லை. கம்ப்ரஸர் ஓடுது, கீழே போற பைப்பும் சரியா இருக்கு.”

பிரஷ்ஷை எடுத்துத் தகடுகளைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

பனிச்சுவர்

மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் இரண்டு முறை சோதித்துவிட்டு, ஃப்ரீஸருக்குள் இருந்த தகட்டைக் கழற்றினார். உள்ளே காயில் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பனிச்சுவர்தான் தெரிந்தது.

“பார்த்தீங்களா? கேஸ் குறைஞ்சிருந்தா பெரும்பாலும் காயிலோட ஆரம்பத்துல மட்டும் பனி படியும், மிச்சம் காய்ஞ்சு கிடக்கும். இங்கே முழுசா மூடியிருக்கு. கேஸ் வேலை செய்யுது. காத்துதான் போக வழியில்லை.”

நாம் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் ஈரப்பதம் உள்ளே போய்க் காயிலில் பனியாகப் படிகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் ஒரு நாளில் சில தடவை ஃப்ரீஸர் தானாகவே குளிரூட்டலை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஹீட்டரை ஓட்டிப் பனியைக் கரைக்கும். இதுதான் டிஃப்ராஸ்ட். அந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால், பனி மேல் பனி படிந்து காற்று வரும் வழியே அடைபட்டுவிடும். குளிர வைக்கும் பெட்டிக்குள் ஹீட்டர் இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பெரிய ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து நீட்டினார் ஒரு கடைப்பையன். “அதைத் தள்ளி வை ராஜா. குத்திப் பனியை உடைச்சா காயில்ல ஓட்டை விழும். அப்புறம் நிஜமாவே கேஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பனி கரைய ஒன்றரை மணி நேரம் ஆனது.

கரைந்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. ஹீட்டருக்குப் போகும் ஒயரைப் பிடித்துக் கொண்டே போனவர், பெட்டியின் அடியில் டார்ச் அடித்து நிறுத்தினார்.

“எலி!”

ஒயரின் ஒரு பக்கம் கடிபட்டு அறுந்து கிடந்தது. பக்கத்திலேயே பிஸ்கட் கவர் துணுக்குகள். கேஸ் போய்விட்டது என்று பயந்த மேனேஜருக்கு அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. சூடு தாங்கும் ஒயரை இணைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, எலி நுழையும் துளையையும் அடைத்தார். ஹீட்டரை ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரில் கரன்ட் போவதைப் பார்த்த பிறகுதான் தகட்டை மூடினார்.

மேல்தட்டு சிக்கன்

வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பனி கரைக்கும் முன்பே, உள்ளே இருந்த சரக்கை எல்லாம் ஊழியர்கள் எடுத்து வேறு ஃப்ரீஸருக்கு மாற்றினார்கள். அப்போது ஊசி மாதிரியான ஒரு தெர்மாமீட்டரைப் பாக்கெட்டுகளுக்கு இடையில் வைத்துப் பார்த்து, ஒரு அட்டையில் எழுதிக் கொண்டே வந்தார் டெக்னீஷியன். அடித்தட்டில் மைனஸ் 9. நடுத்தட்டில் மைனஸ் 3. மேல்தட்டில் இருந்த சிக்கன் பாக்கெட்டுகளில் பிளஸ் 7. மேல்தட்டு ஐஸ்க்ரீம் டப்பாக்கள் பாயசமாகியிருந்தன. டிஸ்ப்ளே காட்டிய மைனஸ் 4, சென்சார் இருக்கும் இடத்தின் கணக்கு மட்டும்தான்.

“சார், மேல்தட்டைத் தனியா வைக்கச் சொன்னேனே... அதை மறுபடி உள்ளே வைக்காதீங்க.”

“ஏண்ணா, இப்போதான் ரெடியாயிடுச்சே? காலைக்குள்ள மறுபடி கட்டியாயிடும்ல?”

“கட்டியாயிடும். அதுதான் பயமே. பார்த்தா யாருக்கும் தெரியாது.”

உறைநிலை உணவை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். குளிர்நிலையில் வைக்கும் உணவு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. இது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டமான வெப்பநிலை. மறுபடி உறைய வைத்தால் கிருமிகள் சாகாது. வளர்வது நிற்கும், அவ்வளவுதான். பாக்கெட் இளகும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. கன்ட்ரோலரின் பட்டன்களைத் தட்டி அலாரப் பதிவைப் பார்த்தார். சாயங்காலம் 4 மணிக்கே அலாரம் அடித்திருக்கிறது. “கஸ்டமருக்குத் தொந்தரவா இருக்குன்னு” யாரோ பட்டனை அமுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

மேனேஜர் தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரக்கு வீணானதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. டெக்னீஷியனும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏழெட்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கடை சார். ஃப்ரீஸரைச் சரி பண்ணிட்டேன். உருகின ஐஸ்க்ரீமைத் திரும்ப உள்ளே அடுக்குறதைப் பார்த்துட்டு, ‘நமக்கென்ன, நாம மெக்கானிக்’னு பேசாம வந்துட்டேன். அந்த வாரக் கடைசியில என் பொண்ணுக்குப் பொறந்தநாள். அவங்க அம்மாவோட போய் ஐஸ்க்ரீம் டப்பா வாங்கிட்டு வந்திருக்கா. திறந்தா ஒரு பக்கமா சாஞ்சு உறைஞ்சிருக்கு, மேல ஊசி ஊசியா ஐஸ். எந்தக் கடைன்னு கேட்டேன். அதே கடை. ஸ்பூன் வாய்க்குப் போறதுக்குள்ள பிடுங்கிட்டேன். குழந்தை அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. என் பொண்ணு கையில இருந்ததை நான் பிடுங்கிட்டேன். மத்த டப்பாவெல்லாம் யார் வீட்டுக்குப் போச்சோ?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேனேஜர் எழுந்து, கறுப்புக் கவர்களை எடுத்து வரச் சொன்னார். கவரில் போடும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் போட்டோ எடுத்துக் கொண்டார்கள். தன் சர்வீஸ் ரிப்போர்ட்டில் வெப்பநிலை, நேரம், காரணம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டெக்னீஷியன். “உங்க ஓனர் கேட்டா இதைக் காட்டுங்க சார். என்னைக் கூப்பிடச் சொல்லுங்க, நான் பேசுறேன்.”

கப்பலில் வந்த குளிர்

நள்ளிரவு தாண்டி, ஃப்ரீஸர் மெதுவாகக் குளிரத் தொடங்கியது. அது இறங்கும் வரை காத்திருந்தபோது பேச்சு எங்கெங்கோ போனது. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் அது. இங்கேயே பனிக்கட்டி தயாரிக்கும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இன்று தெருவுக்குத் தெரு குளிர்ப்பெட்டி. அதைக் காப்பாற்ற, ஊர் தூங்கும் நேரத்தில் பைக்கில் சுற்றுகிறார்கள் இவரைப் போன்றவர்கள்.

ஆபத்தும் உண்டு. திரவ கேஸ் தோலில் பட்டால் தீக்காயம் போலவே புண்ணாகும். லீக் பார்க்கக் குழாய்க்குள் நைட்ரஜனைத்தான் அடைக்க வேண்டும். சிலிண்டர் கிடைக்கவில்லையே என்று ஆக்சிஜனை ஏற்றினால், கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடித்துவிடும். புதிதாக வரும் சில ஃப்ரீஸர்களில் ஆர்-290 கேஸ் இருக்கிறது. அது புரொப்பேன். சமையல் கேஸ் மாதிரியே தீப்பிடிக்கக் கூடியது.

பிறகு ஏன் அதைக் கொண்டு வருகிறார்கள்? பழைய கேஸ்கள் பூமிக்கு ஆகாது என்பதால்தான். ஆர்-22 ஓசோனை அரிக்கிறது என்பதால் 1987-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக விடைபெறுகிறது. ஆர்-404ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால், கிட்டத்தட்ட 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இந்த வகைக் கேஸ்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக் கொண்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

“அதனாலதான் சொல்றேன், லீக்கைத் தேடாம கேஸ் மட்டும் ஏத்துறவன் கடைக்காரனை மட்டும் ஏமாத்தலை” என்கிறார் அண்ணன்.

10-ம் வகுப்பு முடித்து, ஐ.டி.ஐ-யில் இரண்டு ஆண்டுகள் ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படிப்பு. பிறகு ஒரு சீனியருக்குப் பின்னால் பை தூக்கிக் கொண்டு நான்கு வருடங்கள். “புத்தகத்துல வயரிங் இருக்கும். எலி இருக்காது தம்பி” என்று சிரிக்கிறார்.

வாங்கும்போது கவனியுங்கள்!

* உறைநிலைப் பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். மணி மணியாக உதிர வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால், உருகி மறுபடி உறைந்திருக்கலாம்.

* ஐஸ்க்ரீமின் மேல் ஊசி ஊசியாக ஐஸ், ஒரு பக்கமாகச் சாய்ந்த மேற்பரப்பு, பிசுபிசுப்பான மூடி... இருந்தால் வேண்டாம்.

* ஃப்ரீஸரில் கோடு போட்டிருக்கும் அளவுக்கு மேல் அடுக்கியிருக்கும் பாக்கெட்டுகளை எடுக்காதீர்கள். அவற்றுக்குக் குளிர் சரியாகப் போகாது.

* பால், தயிர், ஐஸ்க்ரீம், இறைச்சி ஆகியவற்றைக் கடைசியில் எடுத்து, நேராக வீட்டுக்குப் போங்கள்.

* வீட்டில் கரன்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

* ஃப்ரீஸர் பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது.

மணி 2.10. டிஸ்ப்ளே மைனஸ் 16-ஐத் தொட்டது. “இன்னும் ரெண்டு டிகிரி. பார்த்துட்டே போயிடலாம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மைனஸ் 18 வந்ததும் கதவை ஒரு முறை அழுத்தி மூடிப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

கிளம்பும் முன் மேனேஜரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “சார், அடுத்த தடவை அலாரம் அடிச்சா பட்டனை அமுக்காதீங்க. எனக்கு போனைப் போடுங்க.”