ஈட்டியின் அடிநுனி

உலக்கைக்குப் பூண் போடுவதுபோல, ஈட்டிக் காம்பின் அடிநுனிக்கும் பூண் உண்டு. தரையில் ஊன்றினால் மரம் பிளக்காது. மேலே முனையின் கனத்துக்கு எதிர்ப்பாரமாகவும் இருக்கும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோம வரலாற்றாளர் காசியஸ் டியோ, பிரிட்டனின் வடபகுதி வீரர்கள் ஈட்டியடியில் ஆப்பிள் போன்ற வெண்கலக் குமிழைப் பொருத்தி, அதை ஆட்டி ஒலியெழுப்பி எதிரியை மிரட்டியதாக எழுதினார். இரும்புப் பூணுக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது.

முழு ஆயுதம் வேண்டுமென்றால் கல்லறைகளைத் தேட வேண்டும். இங்கிலாந்தின் தொடக்ககால ஆங்கிலோ-சாக்சன்கள் இறந்தவருடன் ஈட்டியையும் கேடயத்தையும் புதைத்தார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்ட டால் ரியாட்டா மக்களிடம் அந்த வழக்கம் இல்லை. அதனால் அங்கே ஆய்வாளர்கள் குன்றுக் கோட்டைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கோட்டையிலோ உடைந்த இரும்பைக் கொல்லர் மறுபடி உலையில் போட்டுவிடுவார். அவர் கைக்குத் தப்பிய முனை, பூண், உறைத் தகடு போன்ற சில்லறைகளே நமக்கு மிச்சம்.

டால் ரியாட்டாவின் முக்கியக் கோட்டை, ஆர்கைல் பகுதியிலுள்ள டனாட். 683இல் அதை முற்றுகையிட்டார்கள். 736இல் பிக்ட் மன்னர் ஓங்கஸ் அதைக் கைப்பற்றி, டால் ரியாட்டாவை முன்பு ஆண்ட செல்பாக்கின் இரு மகன்களையும் சங்கிலியில் பிணைத்தார். இரண்டுமே அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகளில் உள்ளவை. 1904-05இல் அங்கு தோண்டியவர்கள் பொருள்களை நிறையவே எடுத்தார்கள். எது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதைச் சரியாகக் குறிக்கவில்லை. என்னைக் கேட்டால், அது முற்றுகையைவிடப் பெரிய சேதம். இரும்பை மட்டும் பார்த்துக் காலம் சொல்வது கடினம். கூடவே கிடந்த கரியும் பானையோடும்தான் சாட்சி. 1980-81இல் ஆலன் லேனும் யூவன் கேம்பெலும் மறுபடி தோண்டிய பிறகே கோட்டையின் காலவரிசை தெளிவானது.

மண்ணிலிருந்து வரும்போது இரும்பு வெறும் துருக்கட்டிதான். அதை உடனே சுரண்டக் கூடாது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே குழல் தெரியும், ஆணித்துளை தெரியும். துரு ஒரு நன்மையும் செய்கிறது: காம்பு மக்கும் முன்பே அதன் நார்களுக்குள் இரும்புத் துரு ஊறி, மரத்தின் வடிவத்தை அப்படியே பதித்துவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் என்ன மரம் என்றே சொல்லலாம். ஆங்கிலோ-சாக்சன் ஈட்டிகளில் ஆஷ் மரமும் ஹேசல் மரமும் அடிக்கடி தென்படுவது இப்படித்தான் தெரிய வந்தது.