பாட்டி வேடத்தின் சொந்தக்காரி

நேயர்களே, இலக்கிய நிகழ்ச்சியில் தொலைக்காட்சித் தொடருக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஒரு காலத்தில் நானும் சுளித்தவன்தான். தென்கொரிய நாடகங்களில் கிம் யொங்-ஓக் என்ற மூதாட்டியைக் கவனிக்கத் தொடங்கிய பின்னரே என் எண்ணம் மாறிற்று. கதாநாயகிகளின் பெயர்கள் மறந்துவிட்டன. ஓரத்தில் இருந்த இந்தப் பாட்டி மறக்கவில்லை.

1937இல் பிறந்த இவர் வானொலியின் பிள்ளை. 1961இல் எம்.பி.சி. வானொலி தெரிந்தெடுத்த முதலாவது குரல் நடிகர் குழுவில் ஒருவர். 1976இல் வெளிவந்த 'ரோபோ டைக்வொண்டோ வி' என்ற சித்திரப் படத்தில் ஹூன் என்னும் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே. விந்தை என்னவென்றால், தொலைக்காட்சியில் முப்பதுகளிலேயே கிழவி வேடம் வந்து சேர்ந்துவிட்டது. காதுக்குச் சிறுவன், கண்ணுக்குக் கிழவி! தம் சொந்த வயதில் நிற்க இவருக்கு அதிகம் இடம் கிடைக்கவில்லை.

1996இல் நோ ஹீ-கியொங் எழுதிய ஒரு நாடகத்தைச் சொல்ல வேண்டும். 'உலகின் மிக அழகான பிரிவு' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். புற்றுநோயால் சாகப்போகும் மருமகள், புத்தி பேதலித்த மாமியாரைத் தனக்குப் பின் யார் பார்ப்பார் என்று கலங்கி, உறங்கும் கிழவியைப் போர்வையால் அமுக்குகிறாள். பிறகு தானே கதறுகிறாள். மருமகள் நா முன்-ஹீ. மாமியார் கிம் யொங்-ஓக். மெய்வாழ்வில் மாமியார் நான்கே வயது மூத்தவர். காட்சி மருமகளுடையதுதான். ஆனால் அந்தக் கிழவி வெறும் பரிதாபப் பொருளாக இருந்திருந்தால் மருமகள் கொலைகாரியாகவே தெரிவாள். தாங்கமுடியாத சுமை, அதேவேளை கைவிடமுடியாத குழந்தை: இரண்டையும் மாமியார் முன்கூட்டியே எமக்கு உணர்த்தியாக வேண்டும். துணை நடிப்பின் பாரம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

2021இல், ஏறக்குறைய ஒரே காலத்தில், இவர் இரண்டு தாய்மாராக வந்தார். 'ஸ்குவிட் கேம்' தொடரில் சந்தையில் பாடுபடும் தாய். நீரிழிவால் பழுதான காலுடன், செலவுக்கு அஞ்சி வைத்தியசாலையை விட்டு வெளியேறுகிறாள். 'ஹோம்டவுன் சா-சா-சா' தொடரில் கரையோரக் கிராமத்துக் கம்-ரி பாட்டி. பல் கட்டும் செலவுக்கு அஞ்சி நோவைப் பொறுத்துக்கொள்கிறாள். இருவருக்கும் ஒரே சிக்கனம், ஒரே பிடிவாதம். முதலாமவள் வீட்டில் தனியே செத்துக் கிடக்கிறாள். பணத்தோடு திரும்பும் மகன் அவளைத் தட்டியெழுப்பப் பார்க்கிறான். கம்-ரியோ தோழியர் அருகிலிருக்க உறக்கத்திலேயே போய்விடுகிறாள். ஒரே நடிகை, ஒரே முகச் சுருக்கம். எனினும் ஒன்றின் சாயல் மற்றதில் இல்லை. முதலாமவளின் குரலில் களைப்பு. கம்-ரியின் அதட்டலிலோ ஊருக்கே உரிமை கொண்டாடும் தொனி. ஒலிவாங்கி முன் வளர்ந்தவருக்கே இது கைவரும். வானொலிக்காரனான என் பட்சபாதம் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள்.

2024இல் 'பிக்னிக்' என்னும் திரைப்படத்தில் இவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். முதுமையில் தம் ஊரான நம்ஹேக்குத் திரும்பும் இரு தோழியரின் கதை. மற்றத் தோழி யாரென்று நினைக்கிறீர்கள்? அதே நா முன்-ஹீ. அவ்விருவரும் அருகருகே வந்தபோதெல்லாம் எனக்கு அந்தப் போர்வைதான் நினைவுக்கு வந்தது.